வாள்வீச்சும் ஓடும் படமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலை, களியக்காவிளையைக் கடந்ததும் பாறசாலையையும், பின்னர் நெய்யாற்றின்கரையையும் அடைகின்றது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் இவ்வழியே மாநில எல்லை வகுக்கப்பட்டது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்களுக்கு எல்லைக்கோட்டின் அருமை பெருமை நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. அக்கோட்டினால் உரிமை இழந்த ஒரு கலைஞரைப் பற்றியே இன்று பேசப் புகுந்தோம். அவர் அகஸ்தீஸ்வரத்தில் 1900-இல் பிறந்த ஜே. சி. டேனியல்.

அவர் கதைக்கு முன் ஒரு குதிரையின் கதையைச் சொல்லியாக வேண்டும். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தைவிட்டு எழுமா என்பது பழைய வழக்கு. 1878-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பார் பந்தயப் பாதையோரம் பன்னிரண்டு புகைப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்தினார். குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை இடற இடற, ஒவ்வொரு கருவியும் ஒரு கணத்தைப் பற்றிக்கொண்டது. கால்கள் எழுந்தது மெய். ஆயினும், ஓவியர்கள் தீட்டியதுபோல் முன்னும் பின்னும் நீண்டல்ல, வயிற்றின் கீழ் மடங்கியே எழுந்தன! 1887-இல் அவர் வெளியிட்ட 781 படத்தகடுகளில் வாட்போர் புரிவோரும் உண்டு. 1895-இல் லூமியேர் சகோதரர் பாரீசில் காட்டிய ஓடும் படம், மறு ஆண்டே பம்பாய்க்கு வந்தது. 1905-இல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே வேலையைத் துறந்து, படக்கருவியோடு ஊர் ஊராகச் சென்றார்.

டேனியலையும் முதலில் ஈர்த்தது வாளே. இளமையிலேயே இந்திய வாட்போர் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் அவர். களரிப்பயிற்சியை உலகறியச் செய்ய ஓடும் படமே தக்க கருவி என எண்ணினார். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்துப் பட்டத்தில் படநிலையம் அமைத்து, ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தைத் தாமே எழுதி, இயக்கி, நடித்து முடித்தார். இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு சிறுவனின் கதை அது. மலையாளத் திரையுலகின் முதற்படம் எனப்படும் அது வெளியான ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர்.

நாயர் குலப் பெண்ணாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதால் கேப்பிட்டல் அரங்கில் கல்லெறி நிகழ்ந்தது. ஊரைவிட்டே ஓடிய ரோசி, லாரி ஒன்றில் நாகர்கோவில் பக்கம் சென்று வாழ்ந்ததாகக் கூறுவர். அந்நாளில் நாம் முன்னர்ச் சொன்ன நெடுஞ்சாலையில் எல்லைக் கோடு எதுவும் இருந்ததில்லை.

டேனியலோ கடனில் மூழ்கிப் பல் மருத்துவராகிப் பிழைத்தார். முதுமையில் அவருக்காகக் கேரள அரசிடம் உதவித்தொகை கோரப்பட்டபோது, அவர் தமிழ்நாட்டவர் என்று கூறி மறுத்தனர். பிறந்தபோதும் படமெடுத்தபோதும் அவர் திருவிதாங்கூர்க் குடிமகன் அன்றோ? 1975-இல் அவர் காலமானார். படச்சுருளும் எஞ்சவில்லை. மலையாளத் திரைக்கு வாழ்நாள் முழுதும் தொண்டாற்றியவர்களுக்கென 1992-இல் கேரள அரசு ஏற்படுத்திய விருதுக்கு டேனியலின் பெயரையே சூட்டினர்.