துண்டிலிருந்து லீசிங் வரை: நம்ம ஆட்டோ யாருடைய பேரில் ஓடுகிறது?

புளத்கொகுபிட்டிய டவுனில் நிற்கிற ஆட்டோக்களின் முன்கண்ணாடியில் சாமி பேர் இருக்கும், பிள்ளையின் பேர் இருக்கும். லீசிங் இன்னும் கட்டி முடியாத வண்டி என்றால், அதன் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதிக் கம்பனியின் பேர் இருக்கும். பெற்றோல் போடுவதும் டயர் மாற்றுவதும் ஸ்கூல் ஹயர் ஓடுவதும் நம்ம அண்ணன்மார். வண்டி சட்டப்படி இன்னொருவருடையது.

தோட்டத்தில் ஒரு வண்டி எடுக்கப்போகிறவர் முதலில் கேட்பது, "எந்த லீசிங்ல போடுறது நல்லது?" என்பதுதான். வேறு வழி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். ஏனென்றால் மலையகத்தில் கடன் என்பது வங்கியோடு வந்த ஒன்றில்லை. அது நம்ம ஆட்களோடு கப்பலேறி வந்தது.

கடனோடு வந்தவர்கள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்க்கப் போன கங்காணி, தோட்டத்திடம் முற்பணம் வாங்கிக்கொண்டுதான் போவார். கூலிகளின் ஊர்க் கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, அரிசிக்கு என்று அந்தப் பணம் செலவாகும். வந்து சேர்கிறவர் தோட்டத்தில் முதல் நாள் வேலைக்கு இறங்கும்போதே கங்காணிக்குக் கடன்காரர். கங்காணியோ துரைக்குக் கடன்காரர்.

இந்தக் கடனுக்கு ஒரு காகிதம் இருந்தது. அதன் பேர் 'துண்டு'. இந்தக் கங்காணியும் அவருடைய ஆட்களும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் அவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. இன்னொரு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டிவிட்டு முழுக் கூட்டத்தையும் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கடன் கைமாறும்போது ஆட்களும் கைமாறினார்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தொழிலாளிக்கு, அந்தத் துண்டில் தன் பங்காக எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது தெரிய வழியே இல்லை. சொல்லாமல் வேலையை விட்டுப் போனாலோ, 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி சிறைக்குப் போகலாம்.

1921இல் வந்த 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆனால் முதலில் பணம் வாங்கி, பிறகு சம்பளத்தில் கழித்துக்கொள்கிற பழக்கம் போகவில்லை. கடைப் பற்று, தீபாவளி முற்பணம் எல்லாம் செக்ரோலில் கழிந்துகொண்டே இருந்தன. தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் கழிந்து முடிய அடுத்த தீபாவளி வந்துவிடும். கடன் என்பது வாழ்க்கையில் எப்போதாவது வருகிற ஒன்றாக நமக்கு இருந்ததே இல்லை. மாதம் என்றால் கழிவும் சேர்ந்ததுதான்.

சிங்கர் மெசினும் ஃபோர்டின் சீட்டும்

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் வேறொரு கடன் பிறந்தது. அமெரிக்காவில் 1850களில் சிங்கர் கம்பனி தையல் மெசினைத் தவணைக்கு விற்கத் தொடங்கியது. கொஞ்சம் முற்பணம் கொடுத்துவிட்டு மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மீதியை மாதாமாதம் கட்டலாம். சிங்கர் 1877இல் இலங்கைக்கும் வந்தது.

கார் விஷயத்தில் ஒரு சுவாரசியமான போட்டி நடந்தது. 1919இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் கார்களுக்குக் கடன் கொடுக்கவே தனி நிறுவனம் தொடங்கியது. ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் பிடிக்காது. அவர் 1923இல் கொண்டுவந்த திட்டத்தில் வாடிக்கையாளர் வாரம் 5 டொலர் வீதம் கட்டிச் சேர்க்க வேண்டும், முழு விலையும் சேர்ந்த பிறகுதான் கார். கிட்டத்தட்ட நம்ம தோட்டத்துச் சீட்டு மாதிரி. ஆனால் சனம் ஜெனரல் மோட்டர்ஸ் பக்கம்தான் போனது. இன்றைக்கே கார் கிடைக்கிறதென்றால் யார் காத்திருப்பார்? 1928இல் ஃபோர்டும் தன் பங்குக்கு ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் லீசிங் 1980 அளவில் வந்தது. ஜப்பானின் ஒரிக்ஸ் நிறுவனமும் பங்குகொண்டு லங்கா ஒரிக்ஸ் லீசிங் கம்பனி அந்த வருடம் தொடங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இந்தத் தொழிலை மத்திய வங்கியின் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்து வந்த பஜாஜ் ஆட்டோவும் லீசிங்கும் சேர்ந்துதான் நாட்டின் தெருக்களை மாற்றின. இன்று இலங்கையில் பதிவாகியுள்ள முச்சக்கரவண்டிகள் 10 இலட்சத்துக்கும் மேல்.

ஏன் நமக்கு லீசிங் மட்டும்?

ஒரு வங்கி கடன் கொடுக்க முன் என்ன கேட்கும்? காணி உறுதி கேட்கும். அல்லது நிரந்தரச் சம்பளம் உள்ள இரண்டு பிணையாளரைக் கேட்கும். லயத்தில் இருக்கிறவரிடம் காணி உறுதி கிடையாது. தெரிந்த அரச உத்தியோகத்தர் என்று இரண்டு பேரைத் தேடினால், தோட்டத்துப் பாடசாலை சேரைத் தவிர ஆள் இல்லை. அவரும் எத்தனை பேருக்குத்தான் கையெழுத்து வைப்பார்?

1948இன் குடியுரிமைச் சட்டம் நம்ம தாத்தா பாட்டிமாரை நாடற்றவராக்கியது. அந்தப் பிரச்சினை சட்டப்படி தீர்ந்து முடிய 2003 வரை போனது. குடியுரிமை இல்லாதவருக்குக் காணி இல்லை, அரச வேலையும் இல்லை. அதாவது வங்கி கேட்கிற இரண்டு பிணையும் நம்ம கைக்கு வராமல் போனதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

லீசிங்கில் இந்தச் சிக்கல் கிடையாது. வண்டியே பிணை. கட்டாவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் மாதத் தவணையின் பேரே 'ரெண்டல்', வாடகை. நாம் வாழ்கிற அறை தோட்டத்துடையது, ஓட்டுகிற வண்டி கம்பனியுடையது. நம்மிடம் எதுவும் சொந்தமாக இல்லாததால்தான் இந்தக் கடன் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1970களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. கம்பனிகள் அந்தக் காணியை அரசிடமிருந்து 53 வருடக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. ஆக, கம்பனியும் லீசில்தான் இருக்கிறது. அந்த லீசை வைத்து அது தொழில் நடத்துகிறது. அதே மண்ணில் தலைமுறையாக இருக்கிறவருக்கு அதில் 7 பேர்ச்சஸ் காணிக்கு ஓர் உறுதி கிடைப்பதே பெரும்பாடு.

ஒரே ஒரு கணக்கு

வரலாறு போதும், காசுக்கு வருவோம். கணக்கு விளங்குவதற்காக, 5 இலட்சம் ரூபாய் கடன், 3 வருடம், வட்டி 15% என்று வைத்துக்கொள்வோம்.

வட்டி 15% என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று 'ஃபிளாட்' வட்டி. மூன்று வருடமும் முழு 5 இலட்சத்துக்கே வட்டி போடுவது. அப்படியானால் வட்டி மட்டும் 225,000 ரூபாய், மாதத் தவணை 20,139 ரூபாய். மற்றது குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி. கட்டக் கட்ட முதல் குறையும், குறைந்த முதலுக்கு மட்டும் வட்டி. அதே 15% என்றால் தவணை சுமார் 17,333 ரூபாய், மொத்த வட்டி சுமார் 124,000. சொல்கிற வீதம் ஒன்றே, வித்தியாசமோ ஒரு இலட்சம். ஃபிளாட் 15% என்பதை இரண்டாவது முறைக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 26% வருகிறது.

இதைத் தோட்டக் கணக்கில் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஃபிளாட் தவணையைக் கட்ட மாதம் 15 நாள் முழுப் பேர் வேண்டும். மழை நாளில் இறப்பர் மலையில் பால்வெட்டு இல்லை, கொழுந்து குறைந்தால் அரைப் பேர். தவணைக்கு மட்டும் மழையும் இல்லை, அரைப் பேரும் இல்லை.

அந்த முற்பணம் எங்கிருந்து வருகிறது? அநேகமாக அம்மாவின் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான். பெண்களுக்கு 50 வயதில் ஈ.பி.எஃப். எடுக்கலாம். சேவைக்காலப் பணம் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் கொழுந்து பறித்தவருக்கு 420 நாள் சம்பளம், 1,350 ரூபாய்ப்படி 567,000. மேலே சொன்ன 225,000 ரூபாய் வட்டியை இதோடு வைத்துப் பாருங்கள். ஓர் அம்மா ஏறத்தாழ 12 வருடம் மலை ஏறியதற்கான சேவைக்காலப் பணம், வட்டியாக மட்டும் போய்விடுகிறது. வண்டியின் விலை வேறு.

தவணை நிற்காத காலம்

வண்டி நன்றாக ஓடினால் இந்தக் கணக்கைச் சமாளிக்கலாம், பலர் சமாளித்தும் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டுபவரின் கையில் இல்லாத விஷயங்கள் நிறைய. 2017இல் மத்திய வங்கி, முச்சக்கரவண்டி விலையில் 25%க்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. காசில்லாதவர் மீதி 75%ஐத் தேட வேண்டியதாயிற்று. 2020இல் ஊரடங்கு. தவணைக்கு ஆறு மாதச் சலுகை வந்தது. ஆனால் தள்ளிப்போட்ட காலத்துக்கும் வட்டி சேர்ந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. அதற்குப் பிறகு லீஸ் போட்டவர் அந்த வட்டியிலேயே மாட்டினார். அதே வருடம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. கியூஆர் முறை வந்தபோது ஓர் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். மேடும் பள்ளமுமான தோட்ட ரோட்டில் 5 லீற்றர் எத்தனை நாள் வரும்?

இப்படிப்பட்ட மாதங்களில்தான் 'வண்டிய சீஸ் பண்ணிட்டாங்க' என்ற வார்த்தையைக் கேட்கிறோம். வண்டி போகும்போது முற்பணமும் அதோடு போகிறது.

அப்போ எது நல்லது?

நகை அடகு வைத்தால் பொருள் நம்முடையதாகவே இருக்கும், ஆனால் மீட்கத் தவறினால் ஏலம். சீட்டில் வட்டிச் சுமை குறைவு, ஆனால் பிடிக்கிறவர் நேர்மையாக இருக்க வேண்டும், ஃபோர்டின் வாடிக்கையாளர் போலப் பொறுமையும் வேண்டும். வங்கிக் கடன் பெரும்பாலும் மலிவு, பிணைதான் பிரச்சினை.

நம்ம மாவட்டமே காட்டிய இன்னொரு வழியும் இருக்கிறது. 1978இல் இதே கேகாலை மாவட்டத்தின் வல்கம கிராமத்திலிருந்துதான் பி. ஏ. கிரிவந்தெனிய, சோர்ந்து கிடந்த சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களைத் திரும்ப எழுப்பினார். சணச என்று நாடு முழுக்கத் தெரிந்த அந்த இயக்கத்தின் யோசனை எளிது: ஊர் ஆட்கள் தாங்களே சேமித்து, ஒருவரை ஒருவர் தெரிந்ததையே பிணையாக வைத்துக் கடன் கொடுப்பது. காணி உறுதி இல்லாத நமக்கு இதைவிடப் பொருத்தமான பிணை எது? ஒவ்வொரு டிவிஷனிலும் சீட்டு நடத்தத் தெரிந்த அம்மாமார் இருக்கிறார்கள். பதிவும் கணக்குப் புத்தகமும் வருடாந்தக் கணக்காய்வும் சேர்ந்தால் சீட்டு ஒரு சங்கமாகும். தோட்டத்துக் கணக்கை எழுதிக் கொடுக்கக்கூடிய பிள்ளைகள் இன்று கம்பஸில் இருக்கிறோம்.

அதுவரை லீசிங்தான் வழி என்றால், கையெழுத்து வைக்க முன் நான்கு விஷயம் கேளுங்கள். வட்டி ஃபிளாட்டா, குறைந்துசெல்வதா? கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? பிந்தினால் என்ன தண்டம், எத்தனை மாதத்தில் வண்டியை எடுப்பார்கள்? முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு குறைப்பார்கள்? பதிலை எழுத்தில், தமிழில் கேளுங்கள். விளங்காத மொழியில் இருக்கிற ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவின் காசு முழுவதையும் முற்பணத்தில் போட்டுவிடாமல், நான்கைந்து மாதத் தவணையாவது வங்கியில் கிடக்கட்டும்.

துண்டு காலத்துக்கும் இன்றைக்கும் வித்தியாசம் நிச்சயமாக இருக்கிறது. அன்று கைமாறியது மனிதர், இன்று பறிபோவது வண்டி. ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது: காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது கடன் கொடுத்தவருக்குத்தான் முழுதாகத் தெரியும். துண்டை ஒழிக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இந்தக் காகிதத்தை வாசிக்க நாம் போதும்.