சிவப்பு விளக்கைக் கண்டபின்

கல்லூரிப் படிப்பை இடையில் விடும் மாணவன் பெரும்பாலும் அதை முன்கூட்டி எவரிடமும் சொல்வதில்லை. முதலில் ஒரு வகுப்புக்கு வாராதிருப்பான். பின்பு ஒரு கட்டுரையை உரிய நாளில் ஒப்படைக்கத் தவறுவான். தேர்வு நாளன்று அவன் இருக்கை வெறுமையாய் இருக்கும். அதன்பின் அவன் பெயர் பதிவேட்டினின்று அடிக்கப்படும். அந்தப் பெயரை அடித்த எழுத்தருக்கு அவன் முகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த அமைதியான மறைவை முன்னரே அறிய இயலாதா என்னும் ஏக்கம் ஆசிரியர் உலகில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அந்த ஏக்கத்துக்குக் கணினி அளித்த விடையின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் நோக்குகிறோம்.

அறிவுலகம் இச்சிக்கலை முறையாக ஆராயத் தொடங்கியது 1970களில் எனலாம். 1975 ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்வியறிஞர் வின்சென்ட் டின்டோ ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். பிரஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897 இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலின் கருத்தை அவர் எடுத்தாண்டார். சமூகத்தோடு பிணைப்பு அற்றுப்போன மனிதன் உயிரை விடத் துணிகிறான் என்று துர்க்கைம் கண்டதுபோல, கல்லூரி என்னும் சமூகத்தோடு பிணைப்பு அற்றுப்போன மாணவன் கல்லூரியை விடுகிறான் என்றார் டின்டோ. பாடத்தோடு ஒன்றுதல், மனிதரோடு ஒன்றுதல் ஆகிய இரண்டும் வேண்டும் என்பது அவர் துணிபு. அதுவரை மாணவனின் குறையாக மட்டுமே எண்ணப்பட்டது, இனி நிறுவனத்தின் பொறுப்பாகவும் எண்ணப்படலாயிற்று. ஆனால் பிணைப்பை எதைக்கொண்டு அளப்பது? அதற்குரிய கருவி அன்று எவரிடமும் இல்லை.

கருவி வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. 1997 இல் வாஷிங்டன் நகரில் பிளாக்போர்ட் என்னும் நிறுவனம் தோன்றியது. 2002 இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டுகியாமஸ், எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய மூடில் என்னும் மென்பொருளை வெளியிட்டார். பாடக்குறிப்புகளை வைத்தல், ஒப்படைப்புகளைப் பெறுதல், மாணவர் கலந்துரையாட இடம் தருதல் ஆகியவையே இவற்றின் நோக்கம். எனினும் கணினிக்கு ஓர் இயல்பு உண்டு. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதையெல்லாம் அது கேளாமலே குறித்து வைக்கும். ஆசிரியரின் வருகைப் பதிவேடு நாளுக்கு ஒரு கோடு இட்டது. இப்புதிய பதிவேடோ நொடிக்கு ஒரு கோடு இட்டது.

அக்கோடுகளைப் படிக்க முனைந்தவர்களுள் முன்னோடியாக அமைந்தது அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகம். ஜான் கேம்பெல் முதலானோர் அங்கே உருவாக்கிய ‘சிக்னல்ஸ்’ என்னும் முறை 2007 ஆம் ஆண்டில் சோதனைக்கு வந்தது. பாடத்தில் இதுவரை பெற்ற மதிப்பெண், கற்றல் மென்பொருளைப் பிற மாணவரோடு ஒப்பிட எவ்வளவு பயன்படுத்தினார் என்னும் முயற்சியின் அளவு, முந்தைய கல்வி வரலாறு, வயது முதலிய தன்மைகள் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டு, மாணவனுக்குச் சாலைச் சந்தியில் காண்பதுபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றில் ஒரு விளக்கை அது காட்டியது. சிவப்பு விளக்கைக் கண்ட ஆசிரியர் மாணவனுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம், நேரில் அழைக்கலாம், துணைப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

இம்முறையால் மாணவர் நிலைத்து நிற்பது வெகுவாக உயர்ந்தது என்று பர்டூ ஆய்வாளர்கள் 2012 இல் அறிவித்தனர். இத்தகைய பாடங்களை இரண்டும் அதற்கு மேலும் பயின்றவர்கள் மிகுதியாக நிலைத்தனர் என்பது அவர்கள் காட்டிய சான்று. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் 2013 இல் மைக்கேல் கால்ஃபீல்ட் என்னும் கல்வியாளர் ஓர் எளிய வினாவை எழுப்பினார். முதற்பருவத்திலேயே கல்லூரியை விட்டவன் இரண்டாவது பாடத்தை எங்ஙனம் பயின்றிருப்பான்? நிலைத்து நின்றவர்களே பல பாடங்களைப் பயில வாய்ப்புப் பெற்றவர்கள். எண்பது கிறிஸ்து பிறப்பு விழாக்களைக் கொண்டாடியவர் நீண்ட ஆயுள் பெற்றிருக்கின்றார். ஆகவே விழாக் கொண்டாடுவது ஆயுளை வளர்க்கும் என்று ஒருவர் வாதித்தால் நாம் நகைக்க மாட்டோமா? ஆல்ஃபிரட் எசா என்பவர் கணினியில் போலியாக ஒரு மாணவர் கூட்டத்தைப் படைத்து, எப்பயனும் தராத ஒன்றுக்கும் இக்கணக்கு இதே உயர்வைக் காட்டும் என்று விளக்கினார். சிக்னல்ஸ் பயனற்றது என்று இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை. அது பயன் தந்தது என்பதற்குக் காட்டிய சான்று போதாது என்பதே தெளிவாயிற்று. நல்ல நோக்கம் உடையவரும் தம் எண்களில் மயங்கக்கூடும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது.

இங்கிலாந்தில் இதே தேடல் வேறொரு பாதையில் நடந்தது. 1969 இல் அரச சாசனம் பெற்று, 1971 இல் முதல் மாணவரைச் சேர்த்த திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் மாணவர் வீட்டிலிருந்தே பயில்வர். ஆசிரியர் அவர்கள் முகத்தைக் காண்பது அரிது. எனவே அங்கே மென்பொருளின் பதிவே முகக்குறிப்பாயிற்று. 2017 இல் அப்பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெயர்களை நீக்கி, ஒரு பெருந்தொகுப்பைப் பொதுப் பயன்பாட்டுக்கு அளித்தனர். அதில் 32,593 மாணவர் பதிவுகளும், அவர்கள் கணினியில் சொடுக்கியதைக் காட்டும் ஒரு கோடியே 6 லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளும் உள்ளன. அந்த 32,593 இல் 10,156 பதிவுகளின் இறுதியில் ‘விலகினார்’ என்னும் ஒரே சொல் நிற்கின்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு நோய், ஒரு வேலைப்பளு, ஒரு குடும்பச் சுமை, அல்லது வெறும் மனச்சோர்வு இருந்திருக்கலாம். பதிவேடு அதைச் சொல்வதில்லை.

எனினும் அங்கே கண்ட ஓர் உண்மை சிந்திக்கத்தக்கது. கணினியில் குறைவாகச் சொடுக்குபவன் ஆபத்தில் இருக்கிறான் என்று பொதுவாகச் சொல்ல இயலாது. அச்சிட்ட நூலை வைத்துக்கொண்டு அமைதியாகப் படிப்பவனும் உண்டு. முன்பு முனைப்புடன் பயன்படுத்தி வந்தவன் திடீரென நிறுத்திவிட்டால், அதுவே அபாய அறிகுறி. பிறரோடு ஒப்பிடுவதைவிட, அவனை அவனோடே ஒப்பிடுவது மேல் என்பது இதன் பொருள். பிள்ளையை அறிந்த தாய் எப்பொழுதும் செய்வது இதுதான் அன்றோ? பேச்சுக் குறைந்த பிள்ளையைக் கண்டு அவள் அஞ்சுவதில்லை; பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேசாதிருந்தால் அஞ்சுகிறாள். இதே பல்கலைக்கழகம் 2014 இல் மாணவர் பற்றிய பதிவுகளை அறநெறிப்படி பயன்படுத்துவதற்கெனக் கொள்கை ஒன்றையும் வகுத்தது. கண்ணுக்குப் புலப்படும் பதிவுகளைக் கொண்டு மாணவன் இன்னான் என முற்றிலும் வரையறுத்துவிடலாகாது என்பது அதன் அடிப்படை நெறிகளுள் ஒன்று.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் மற்றொரு படியை எட்டியது. ஏழை மாணவரும் கறுப்பின மாணவரும் பெருந்தொகையாகப் பயிலும் நிறுவனம் அது. 2003 ஆம் ஆண்டின் கணக்குப்படி, அங்கே சேர்ந்து ஆறாண்டுக்குள் பட்டம் பெற்றவர் 32 விழுக்காடே. பத்தாண்டுக் காலத்தின் 25 லட்சம் மதிப்பெண் பதிவுகளை ஆராய்ந்து, எந்தத் தவறு எந்த வீழ்ச்சிக்கு முன்னோடி என்று அவர்கள் கண்டனர். அரசியல் அறிவியலை முதன்மைப் பாடமாகக் கொண்டவன் அதன் முதல் தாளில் ‘ஏ’ தரம் பெற்றால் உரிய காலத்தில் பட்டம் பெறும் வாய்ப்பு நாலில் மூன்று. ‘சி’ தரம் பெற்றால் நாலில் ஒன்றே. ‘சி’ என்பது தேர்ச்சிதான். முன்பெல்லாம் எவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. 2012 முதல் இத்தகைய 800 அறிகுறிகளைக் கணினி நாள்தோறும் கண்காணித்தது. 2014 இல் பட்டம் பெறுவோர் 54 விழுக்காடாயினர்.

இந்த உயர்வை மென்பொருளின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது முறையன்று. கணினி காட்டிய ஆபத்தைக் கண்டு மாணவனை அழைத்துப் பேசுவதற்கென்றே அப்பல்கலைக்கழகம் 42 ஆலோசகர்களைப் புதிதாகப் பணியமர்த்தியது. மேலும், சிறு தொகை செலுத்த இயலாமையால் பட்டத்தின் வாயிலில் பெயர் நீக்கப்படும் மாணவருக்கு 2011 முதல் உதவித் தொகையை அதுவே தேடிச் சென்று அளித்தது. மாணவன் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பதிவேடே அவன் குறையை எடுத்துரைத்தது. பதிவேட்டைப் படித்த கண்கள் கருணையோடு படித்தன என்பதே இங்கு வேறுபாடு.

இதே பதிவேட்டைக் கருணையின்றிப் படித்தால் யாது நிகழும்? அதற்கும் வரலாறு சான்று வைத்திருக்கின்றது. கத்தோலிக்கராகிய நாம் அதைச் சற்று நாணத்தோடு நினைவுகூர வேண்டும். மேரிலாந்து மாநிலத்து எம்மிட்ஸ்பர்க் என்னும் ஊரில் உள்ள புனித மேரி மலைப் பல்கலைக்கழகம், பிரஞ்சுப் புரட்சிக்குத் தப்பி அமெரிக்கா வந்த குரு ஜான் டுபுவா 1808 இல் நிறுவியது. 2015 இல் நிதித் துறையிலிருந்து வந்த சைமன் நியூமன் அதன் தலைவரானார். அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த மாணவரிடம் மனநிலை பற்றிய வினாக்கள் அடங்கிய படிவம் ஒன்று தரப்பட்டது. அதன் உண்மை நோக்கம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நிலைக்க மாட்டார் எனத் தோன்றும் 20 முதல் 25 மாணவரைச் செப்டம்பர் 25 ஆம் நாளுக்குள் விலகச் செய்தால், அரசுக்குக் காட்டும் கணக்கில் அவர்கள் சேரமாட்டார்கள்; நிலைத்தோர் விழுக்காடு உயரும். இதுவே திட்டம். தயங்கிய ஆசிரியரிடம், மாணவரைக் கொஞ்சத்தக்க முயற்குட்டிகளாக எண்ணலாகாது, அக்குட்டிகளை நீரில் அமிழ்த்தத்தான் வேண்டும் என்னும் கருத்தில் தலைவர் பேசினார்.

ஆசிரியர் சிலர் உடன்படவில்லை. கேட்ட பெயர்ப்பட்டியல் குறித்த நாளுக்குள் தரப்படவில்லை, திட்டம் நிறைவேறவில்லை. 2016 சனவரியில் மாணவர் இதழ் செய்தியை வெளியிட்டது. அத்திட்டத்தை எதிர்த்த கல்வித் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மாணவர் இதழுக்கு ஆலோசகராயிருந்தவர் உட்பட இரு பேராசிரியர் வேலையிழந்தனர். நாடெங்கும் கண்டனம் எழவே அவ்விருவரும் மீள அழைக்கப்பட்டனர். பிப்ரவரி 29 அன்று நியூமன் பதவி விலகினார்.

அட்லாண்டாவிலும் எம்மிட்ஸ்பர்க்கிலும் தேடப்பட்ட மாணவன் ஒருவனே: விழப்போகிறவன். அவனை முன்னரே அடையாளம் காணும் அறிவும் இரண்டிடத்தும் ஒன்றே. ஓரிடத்தில் அவனைத் தாங்குவதற்காகத் தேடினர். மற்றோரிடத்தில் அவனைத் தள்ளுவதற்காகத் தேடினர். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் செல்லும் ஆயனின் உவமையைக் கேட்டு வளர்ந்த சமயத்தின் பெயர் தாங்கிய கல்லூரியிலா, தொண்ணூற்றொன்பதின் கணக்குச் செவ்வையாய் இருக்கவென்று ஓர் ஆட்டை வேலிக்கு வெளியே விட எண்ணினர்? ஆயினும் பட்டியலைத் தர மறுத்தவர்களும் அதே கல்லூரியினரே என்பது நமக்கு ஆறுதல்.

அபாயம் இத்துடன் தீர்ந்துவிடவில்லை. சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திய முன்கணிப்பு மென்பொருள் மாணவனின் இனத்தையும் கணக்கில் எடுத்து, கறுப்பின மாணவரை வெள்ளையரைவிடப் பன்மடங்கு மிகுதியாக ‘ஆபத்தில் உள்ளோர்’ என்று குறித்தது என 2021 இல் ‘த மார்க்கப்’ என்னும் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. கடந்த காலத்தில் ஓர் இனத்துக்கு இழைத்த அநீதி, எண்களின் உருவில் அவர்தம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்குத் தீர்ப்பாய் வந்து நிற்கின்றது. ‘நீ இப்படிப்பை விட்டு எளிதான வேறொன்றை நாடு’ என்று ஆலோசகர் சொல்லும்போது, அது அறிவுரையா, பழைய தீண்டாமையின் புதிய குரலா என்று எவர் பகுத்துக் காண்பார்?

சிவப்பு விளக்கு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது ஒரு வினா. அவ்வினாவுக்கு விடை கூற வேண்டியவர் மாணவன் அல்லர், விளக்கைக் கண்டவரே. கண்டபின் கதவைத் தட்டுகிறோமா, பெயரை அடிக்கிறோமா என்பதில்தான் கல்விக்கூடத்தின் உள்ளம் வெளிப்படுகின்றது. பெற்றோராகவும் ஆசிரியராகவும் பங்கு மக்களாகவும் வாழும் நாம், மென்பொருள் ஏதுமின்றியே பல சிவப்பு விளக்குகளை நாள்தோறும் காண்கிறோம். பேசிக்கொண்டிருந்து பேசாமற்போன பிள்ளை நம் தெருவிலும் இருக்கக்கூடும். இன்று மாலை அவன் வீட்டுக் கதவைத் தட்டுவோமா?