பனிக்கடியில் கிடந்து பிழைக்கும் ரை

நமக்குப் பெரும்போகம் என்றால் மழை. பின்லாந்து விவசாயி ரை தானியத்தை விதைப்பது பனிக்கு முன்னால். முளைத்துக் கொஞ்சம் வளர்வதற்குள் வயலைப் பனி மூடிவிடும். பிறகு மாதக்கணக்கில் வெளிச்சமே கிடையாது. அறுவடை அடுத்த கோடையில்தான். அவர்களுடைய கறுப்புப் பாண் இந்தத் தானியத்தில்தான் சுடப்படுகிறது.

ரை ஆரம்பத்தில் கோதுமை வயலில் முளைத்த ஒரு களை. மனிதர்கள் வடக்கேயும் மலைமேலேயும் போகப் போகக் கோதுமை குளிரில் செத்தது, களை தப்பியது. கடைசியில் களையையே பயிராக்கிக்கொண்டார்கள் என்று ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் வவிலோவ் 1917இல் எழுதினார். (உலகத்தின் பசி தீர விதை தேடி அலைந்த அந்த மனிதர் 1943இல் ஸ்டாலின் காலத்துச் சிறையில் உணவின்றி மெலிந்து இறந்துபோனார். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

குளிரைத் தாங்கினால் மட்டும் போதாது. பனிக்குக் கீழே 0 பாகைக்குக் கிட்டவும் வளரக்கூடிய ஒரு பங்கசு இருக்கிறது. பனி உருகும்போது பார்த்தால், வெள்ளையும் இளஞ்சிவப்புமான நூல்களுக்குள் நாற்றுகள் அழுகிக் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் ஆர்த்துரி வீர்த்தனென் வருகிறார். கால்நடைத் தீவனத்தைக் கெடாமல் சேமிக்கும் முறைக்காக 1945இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஹியெத்தலா என்பவரும் 1955இல் ரை நாற்றுகளை நசுக்கி, அந்தப் பங்கசு இனத்தைத் தடுக்கும் ஒரு சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். பென்சொக்சசோலினோன் என்று பெயர். நாற்றைக் காக்கும் பொருள் கையில் கிடைத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 1960 அளவில் அவர்களே கண்டுபிடித்தது வேறு: சேதமில்லாத நாற்றுக்குள் அந்தச் சேர்வை இல்லை! அங்கே இருப்பது சீனியோடு பிணைந்த வேறொரு பொருள். கலம் உடைந்ததும் ஒரு நொதியம் அந்தச் சீனியைக் கழற்றிவிடும். அப்போதுதான் நச்சு வெளிப்படும். பிறகு அது உருமாறித்தான் அவர்கள் முதலில் பிரித்தெடுத்த சேர்வை உண்டாகிறது. முழு வெங்காயம் கண்ணை எரிப்பதில்லை, வெட்டினால்தானே எரிகிறது? அதே கதைதான். வெங்காயத்தின் அந்தக் காரத்தையும் வீர்த்தனென் பிற்காலத்தில் ஆராய்ந்தார்.

நச்சைத் திறந்து வைத்திருந்தால் செடிக்கே ஆபத்து. அதனால்தான் இந்தப் பூட்டு என்று இன்று விளக்குகிறார்கள்.

இன்னொரு வியப்பு கனடாவிலிருந்து வந்தது. குளிரில் பழகிய ரை இலையில், பனிக்கட்டிப் பளிங்கு பெரிதாகாமல் தடுக்கும் புரதங்கள் இருப்பதை மெரிலின் கிரிஃபித் குழுவினர் 1992இல் காட்டினார்கள். அவை என்ன புரதங்கள் என்று 1995இல் பார்த்தபோது, பங்கசுவின் கலச்சுவரைக் கரைக்கும் நொதியங்களை ஒத்தவையாக இருந்தன! குளிருக்கும் நோய்க்கும் ஒரே ஆயுதமா என்ற கேள்வி எழுந்தது. 1999இல் பின்லாந்து, கனடா ஆய்வாளர்கள் சேர்ந்து சோதித்தார்கள். பங்கசு தாக்கிய நாற்றிலும் இதே வகைப் புரதங்கள் சுரந்தன. ஆனால் அவற்றுக்குப் பனிக்கட்டியைத் தடுக்கும் குணம் இருக்கவில்லை. குளிரில் வளர்ந்த நாற்றின் புரதங்களுக்குத்தான் அந்தக் குணம் இருந்தது.