புகைக் குடிலிலிருந்து புகை அடுப்புக்கு: தீவகத்தின் ஒரு மறந்த பக்கம்

யாழ்ப்பாணத் தீவகத்து முதியவர்களிடம் "புகை போடுதல்" என்று சொன்னால் அவர்களுக்கு நினைவு வருவது மீனோ இறைச்சியோ அல்ல, புகையிலைதான். இன்றோ 'பார்பிகியூ', 'ஸ்மோக்கர்' என்ற பெயர்களோடு உருக்குப் பெட்டிகளும் பீப்பாய் அடுப்புகளும் எமது முற்றங்களுக்கு வருகின்றன. வெளிநாடுகளில் வாழ்ந்து விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் அவற்றின் மீது கொண்டுள்ள விருப்பம் இதற்கு ஒரு காரணம். பல ஆண்டுகள் புகைக் குடில் இல்லாதிருந்த மண்ணில் மீண்டும் ஒரு புகை அடுப்பை விலை கொடுத்து வாங்கும்போது நாம் வாங்குவது எதை? சுவையையா, அல்லது கைவிட்டுப்போன ஒரு பிழைப்பு முறையையா? இக்கேள்விக்கு விடை காணத் தீவகத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஊர்காவற்றுறைக்கு ஐரோப்பியர் வழங்கிய 'கய்ட்ஸ்' என்ற பெயர் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் காரைநகருக்கும் இடையிலே கடலுக்குள் நிற்கும் கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதற்கு 'ஹமன்ஹீல்' என்று பெயரிட்டனர். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. எமக்கு ஆகாத உணவொன்றின் பெயர் எமது கடலில் நிலைத்துவிட்டமை வேடிக்கைதான். ஆனால் அதில் ஒரு செய்தியும் உண்டு. மாதக்கணக்கில் கப்பலோடிய அக்காலத்தில் உப்பும் வெயிலும் புகையுமே உணவைக் காத்தன. கெடாத உணவு இல்லாமல் கடல் வணிகமும் இல்லை.

அந்தத் துறைமுகம் வழியாகச் சென்ற சரக்குகளில் முக்கியமானது புகையிலை. வேலணை முதலிய ஊர்களில் விளைந்த இலையை வாட்டி, சிறு குடிலினுள்ளே தொங்கவிட்டு, கீழே தென்னம்பொச்சையும் பனங்கொட்டை ஊமலையும் மூட்டுவார்கள். சுவாலை எழக்கூடாது, புகை மட்டுமே எழவேண்டும். குடிலின் வாயிலை அடைத்துவிட்டு அருகிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தீ மிஞ்சினால் இலை கருகும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இப்படிப் பதமான இலைக்குத் திருவிதாங்கூரில் பெரும் சந்தை இருந்தது. அங்கு 1863 வரை புகையிலை வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தது. 'ஜாப்பாணம்' என்றாலே யாழ்ப்பாணப் புகையிலை என மலையாளத்தில் வழங்குமளவுக்கு அந்தச் சரக்கு பெயர் பெற்றது. ஆக, புகையை அளந்து ஆளும் கலை தீவகத்துக்குப் புதிதன்று.

அப்படியானால் அதே புகையை மீனுக்கு ஏன் பெருமளவில் பயன்படுத்தவில்லை? இதற்கு நிலமே விடை சொல்கிறது. தீவகத்தில் வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை, ஆனால் காடு இல்லை. நெடுந்தீவில் வேலிகள்கூட மரத்தாலன்றி முருகைக்கற்களை அடுக்கி எழுப்பப்பட்டவை. மரம் அங்கு எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனையிறவில் உப்பும் கிடைத்தது. உப்பும் வெயிலும் மலிவாகக் கிடைக்கும்போது விறகை எரித்து மீனுக்குப் புகையூட்ட யாருக்கும் தேவை ஏற்படவில்லை. கருவாடே தீவகத்தின் முறையாயிற்று. ஆயினும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இந்த முறை கைகொடுப்பதில்லை. அப்போது மீன் கிடைத்தாலும் காயவைக்க வெயில் கிடைக்காது.

இதே இந்து சமுத்திரத்தில் புகையை மீனுக்குப் பயன்படுத்தியவர்கள் மாலைத்தீவு முஸ்லிம்கள். 1343 இன் இறுதியில் அங்கு சென்று காழியாகவும் பணியாற்றிய இப்னு பதூதா அம்முறையைத் தமது பயண நூலில் விவரித்துள்ளார். சிவந்த தசையுள்ள மீனை நான்காக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுகின்றனர் என்றும், நன்கு காய்ந்தபின் அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியாகிறது என்றும் அவர் கூறுகிறார். எமது குசினிகளில் மாசிச் சம்பலுக்கும் சீனிச் சம்பலுக்கும் இடிபடும் மாசி இதுவேதான். மாலைத்தீவில் மழை அதிகம், மீனில் சூரையே அதிகம், தென்னம்பொச்சுக்கோ குறைவில்லை. அங்கே புகை மீனைத் தேர்ந்ததற்கும் இங்கே புகையிலையைத் தேர்ந்ததற்கும் காரணம் மக்களின் அறிவு வேறுபாடு அல்ல, மண்ணின் வேறுபாடே.

மாசியின் பெரும் சந்தையாக விளங்கியது இலங்கை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்த இறக்குமதியை வெட்டியபோது மாலைத்தீவின் மீன்பிடியே திசைமாறி, குளிரூட்டிய சூரையை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கியது. குளிரூட்டல் வந்தவிடத்தில் புகை பின்வாங்கியது.

தீவகத்திலோ இதற்கு நேர்மாறானது நடந்தது. 1990 ஆகஸ்டில் ஊர்காவற்றுறைப் பகுதி இராணுவத்தின் கைக்கு வந்தது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தீவக மக்களிற் பெரும்பகுதியினர் வெளியேறினர். குடாநாட்டில் மின்சாரம் நின்றது, எரிபொருளுக்குத் தடை வந்தது, கடலுக்குச் செல்வதற்கும் கட்டுப்பாடு வந்தது. பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. பனை போனதும் ஊமலும் போயிற்று. தோட்டம் தரிசானதும் புகைக் குடிலுக்கும் வேலையில்லாமற் போயிற்று.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். அவர்களிற் பெரும்பான்மையோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். மாலைத்தீவிலிருந்து வந்த இப்னு பதூதா 1344 இல் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த ஊரும் அதுவே. சோனகத் தெருவில் இரும்புக் கடையும் இறைச்சிக் கடையும் வைத்திருந்தவர்களின் தராசும் கத்தியும் அடுப்பும் வீட்டோடு நின்றுவிட்டன. உடுத்த உடையும் சொற்பப் பணமுமே கூட வந்தன. கையிலிருந்த தொழில் அறிவை எவரும் பறிக்க முடியவில்லைதான். ஆனால் தொழிலுக்கு அறிவு மட்டும் போதாது. அதற்குக் கருவியும், எரிபொருளும், சரக்கை வாங்க அயலவரும் வேண்டும். இம்மூன்றும் ஒரே நாளில் அற்றுப்போயின.

இப்போது புதிய அடுப்புக்கு வருவோம். 'பார்பிகியூ' என்ற சொல் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடையது. 16 ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பதிவுகளில் அது 'பார்பக்கோவா' என வருகிறது, தடிகளால் கட்டிய பரண் என்பது பொருள். அத்தீவுகளில் இறைச்சிக்குப் புகையூட்டிய சட்டத்துக்குப் 'பூக்கான்' என்று பெயர். கடற்கொள்ளையரைக் குறிக்கும் 'பக்கனியர்' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது. பரணில் தொங்கவிட்டுப் புகையூட்டும் கலையை அவர்களும் தீவில்தான் வளர்த்தார்கள். 1952 இல் அமெரிக்காவின் சிக்காகோவுக்கு அருகில் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர் உலோக மிதவையை வெட்டி மூடியுள்ள அடுப்பொன்றைச் செய்தபோது வீட்டு முற்றத்துப் பொழுதுபோக்காக அது உலகெங்கும் பரவத் தொடங்கியது. அதற்குள் குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. உணவைக் காக்கும் பொறுப்பு குளிருக்குப் போக, புகைக்குச் சுவை மட்டுமே எஞ்சியது.

வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய முதல் உண்மையும் இதுதான். கடை அடுப்பில் சில மணிநேரம் புகையூட்டிய மீன் மாசியைப் போல மாதக்கணக்கில் இருக்காது. அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல உலர்த்தியதனாலேயே மாசி கெடாமல் இருக்கிறது. ஈரம் நிற்கும் மீனுக்குக் குளிர்சாதனம் வேண்டும். மீனின் உட்பகுதி 63 பாகை செல்சியஸை எட்டி அரைமணி நேரமாவது நிற்கவும் வேண்டும். பழைய பீப்பாயை வெட்டி அடுப்புச் செய்வோர், நாகம் பூசிய தகட்டையும் இரசாயனம் இருந்த பீப்பாயையும் தவிர்ப்பது நல்லது. சூட்டில் அவற்றின் நஞ்சு உணவில் சேரும். புகையிலேயே உள்ள தீய சேர்மங்களைக் குறைப்பதற்குக் கோடெக்ஸ் ஆணைக்குழு 2009 இல் வழிகாட்டி வெளியிட்டது. சுவாலையைத் தவிர்ப்பதும் கொழுப்பு தணலில் சொட்டாமல் பார்ப்பதும் அத்தகைய வழிகளே. சுவாலை எழக்கூடாது என்பதைப் புகைக் குடில்காரர் எப்போதோ அறிந்திருந்தார்.

இரண்டாவது உண்மை தீவகத்துக்கே உரியது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்கட்டமைப்பில் இணையாமல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை. அவற்றுக்குச் சூரிய, காற்று மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. பனிக்கட்டி எளிதில் கிடைக்காத தீவில் மாரிகால மீனுக்குப் புகை இன்றும் ஆடம்பரமல்ல, தேவை. ஆபிரிக்காவின் கானாவில் 1969–70 இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் உருவான 'சோர்க்கோர்' அடுப்பு இதற்குப் பாடமாகும். மண்ணால் கட்டி, தட்டுகளை அடுக்கிக் குறைந்த விறகில் நிறைய மீனுக்குப் புகையூட்டலாம். மீன் பதனிடும் பெண்களே அதனைப் பரவலாக்கினர்.

கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே கடற்கரையைப் பகிரும் நயினாதீவு போன்ற ஊரில் அத்தகைய பொது அடுப்பு ஒன்று எழுந்தால், மாரியில் வீணாகும் மீன் காசாகும். பொச்சும் ஊமலும் அங்கேயே கிடைக்கும். மீண்டும் பனை நடுவதற்கு அது இன்னுமொரு காரணமாகும். இரும்பு வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடையே இன்றும் உள்ளனர், மீனை அறிந்தவர்கள் தீவில் உள்ளனர். விடுமுறைக்கு வந்து முற்றத்தில் புகை அடுப்பு மூட்டுபவர் அதைக் குறையாக எண்ணத் தேவையில்லை. அடுத்த முறை வரும்போது, ஊருக்கும் ஒரு அடுப்புக் கட்ட என்ன செலவாகும் என்று கேட்டறிந்து வந்தால் போதும்.