வர்த்தமானிக்குப் பின்னால் இருக்கும் கைகள்

ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தேடி அலைந்தது எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதை அச்சடிப்பதும் ஓர் அரச தொழில்தான் என்று அன்று யாரும் சொல்லித் தரவில்லை.

இலங்கையில் அச்சுத் தொழிலைத் தொடங்கியவர்கள் ஒல்லாந்தர். ஆளுநர் வான் இம்ஹொஃப் காலத்தில், 1737இல், சிங்கள எழுத்தில் அச்சு வெளிவந்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர் 1802 மார்ச் 15இல் முதல் வர்த்தமானியை வெளியிட்டார்கள். அக்காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியவர் அச்சுக்கோப்பாளர். பிழை திருத்த ஒருவர், இயந்திரம் ஓட்ட ஒருவர், புத்தகம் கட்ட இன்னொருவர். இன்று ஈயம் போய்க் கணினி வந்துவிட்டது. பிழை பார்க்கும் கண்ணுக்கு மட்டும் இன்னும் வேலை இருக்கிறது.

இது சின்ன வேலையா? 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் தள்ளிப்போனபோது, பணமில்லாமல் வாக்குச்சீட்டு அச்சு தடைப்பட்டதும் ஒரு காரணம். அச்சகம் நின்றால் வாக்கும் நிற்கும்.

சட்டங்கள் மூன்று மொழிகளிலும் அச்சாகின்றன. தமிழ்ப் பிரதியில் ஒரு சொல் பிழைத்தால் தடுமாறப்போவது நாங்கள்தான்.

உயர்தரம் முடித்த பிள்ளைகளே, பெற்றோரே, டொக்டரும் எஞ்சினியரும் மட்டும்தான் தொழில் என்று இருந்துவிடாதீர்கள். பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளை அந்த அச்சகத்துக்கும் தேவை. அடுத்த வர்த்தமானியைப் புரட்டும்போது அந்தப் பதவிகளையும் தேடிப் பாருங்கள்.