தற்காப்புரிமைச் சட்டம்

ஒருவர் தம் உடலையோ உடைமையையோ, பிறருடையதையோ தாக்குதலிலிருந்து காக்கச் செய்யும் செயல் குற்றமாகாது என்பதே தற்காப்புரிமை. இந்தியாவில் இது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது.

இதன் தோற்றுவாய் மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837-இல் அளித்த வரைவு. கொள்ளையருக்கும் கொடுமைக்காரருக்கும் மக்கள் அஞ்சி ஒடுங்குவதாகக் கருதிய ஆணையம், எதிர்த்து நிற்கும் துணிவை ஊட்டவே இவ்வுரிமையைத் தாராளமாக வகுத்தது. அவ்வரைவு சட்டமாகி நடைமுறைக்கு வரும்வரை சென்னை மாகாணத்தில், அரசு விதிகளால் திருத்தப்பட்ட இஸ்லாமியக் குற்றவியல் முறையே வழங்கியது. 1862 ஜனவரி 1 முதல், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்திலும் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

தாக்குபவரைக் கொல்வதுவரை செல்லும் இவ்வுரிமைக்கு அச்சட்டத்தின் 99-ஆம் பிரிவு வரம்பு கட்டியது: அரசின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை; தேவைக்கு மிஞ்சிய தீங்கும் கூடாது. திருப்பாதிரிப்புலியூரில் இரவில் கன்னமிட்டு நுழைபவனை வீட்டுக்காரர் தாக்கலாம். அவன் தப்பியோடிய பின் தேடிப்போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

அப்படியானால் தாக்கப்படுபவர் முதலில் ஓடத்தான் வேண்டுமா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2005-இல், பின்வாங்கும் கடமை இல்லையென்று சட்டமே இயற்றியது. இந்தியாவில் இதற்கு விடை தந்தவை நீதிமன்றங்கள். நிலத்தை வலிந்து பிடிக்க வருபவரைக் கண்டு உரிமையாளர் ஓடிப்போய் அதிகாரிகளிடம் முறையிட வேண்டியதில்லை என்று முன்ஷி ராம் வழக்கில் (1967) உச்ச நீதிமன்றம் கூறியது. தர்ஷன் சிங் வழக்கு (2010) இந்நெறிகளைத் தொகுத்தது.

சட்டமன்றங்கள் பெரும்பாலும், உயிர்பறிக்கும் அளவுக்கு எதிர்க்கத்தக்க குற்றங்களின் பட்டியலையே நீட்டின. உத்தரப் பிரதேசம் (1970), மகாராஷ்டிரம் (1971), கர்நாடகம் (1972) ஆகியவை அரசுச் சொத்துக்குத் தீயோ வெடிபொருளோ வைப்பதை அதில் சேர்த்தன. தண்டனைச் சட்டத்தை விரிவாகத் திருத்த 1972-இல் கொண்டுவரப்பட்ட மசோதா 1978-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும், மக்களவை கலைந்ததால் காலாவதியானது.

மிக முக்கியமான சேர்க்கை 2013-இல் வந்தது. காரைக்காலில் அமிலம் வீசப்பட்ட இளம்பெண் ஒருவர் அவ்வாண்டு பிப்ரவரியில் உயிரிழந்து தமிழகம் துடித்துக்கொண்டிருந்த வேளை அது. டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைந்த வர்மா குழுவைத் தொடர்ந்து இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், அமில வீச்சையும் 100-ஆம் பிரிவில் இடம்பெறச் செய்தது. வெகு தாமதமாகக் கிடைத்த நியாயம் இது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த சன்ஹிதா, குடியிருப்புகளுக்கு வெடிவைப்பதை நாடு முழுமைக்கும் சேர்த்ததைத் தவிர, பழைய விதிகளைப் பெரிதும் மாற்றவில்லை.

மாறாத ஒன்று மெய்ப்பிக்கும் சுமை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே வைத்தது. நடந்திருக்கக்கூடியது என்று காட்டினாலே போதும் என நீதிமன்றங்கள் அதை இலகுவாக்கின. மதுரையில் 2012-இல் மகளைக் காக்கக் கணவரைக் கொன்ற பெண்ணையும், திருவள்ளூர் மாவட்டத்தில் 2021-இல் பாலியல் வன்முறைக்கு முயன்றவனைக் கொன்ற இளம்பெண்ணையும் காவல்துறையே 100-ஆம் பிரிவின்படி விடுவித்தது. மற்றவர்களுக்கு அந்த விடுதலை பெரும்பாலும் விசாரணைக்குப் பிறகுதான். புதிய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் இச்சுமையை அவர்கள் மீதே விட்டிருக்கிறது.