மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை

ஒரு நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் தனியே பிரித்து, வேறோர் இடத்தில் கட்டுபவருக்கு விற்க வகைசெய்யும் ஏற்பாடு. சுருக்கமாக டி.டி.ஆர். என்பர். விற்றவரிடம் நிலம் அப்படியே இருக்கும். உழலாம், மாடு மேய்க்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், கிரயமும் செய்யலாம். மனை போட்டு விற்க மட்டும் முடியாது. வாங்கியவர் தம் இடத்தில் விதி தரும் அளவுக்கு மேல் சில வீடுகளோ மாடிகளோ கூடுதலாகக் கட்டிக்கொள்வார்.

ஒரே நிலத்தின் உரிமைகளைப் பிரித்துப் பார்ப்பது தமிழருக்குப் பழக்கமானதுதான். ஒரே வயலின் விளைச்சலில் மேல்வாரம் என்ற மேலுரிமைப் பங்கு ஒருவருக்கும் குடிவாரம் என்ற உழுபவர் பங்கு இன்னொருவருக்கும் போன காலம் உண்டு. புறம்போக்கு மண் அரசுடையதாக இருக்க, அதில் நிற்கும் மரத்தின் பலனை மட்டும் ஒருவருக்குத் தருவது 2சி பட்டா. டி.டி.ஆரில் பிரிந்து போவது இன்னும் கட்டப்படாத வீடு.

இந்த முறை கிராமத்தில் பிறக்கவில்லை. நியூயார்க் நகரம் 1965-இல் பழம்பெரும் கட்டடங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. அவற்றின் மேல் எழும்பாத மாடிகளின் உரிமையை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள 1968-இல் வழி விரிவாக்கப்பட்டது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் 50 மாடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்ப அதன் உரிமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம் கேட்ட அனுமதி மறுக்கப்பட, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1978-இல் நிறுவனம் தோற்றது. கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளில் பயன்படுத்த வழி இருப்பதால் இழப்பு முழு இழப்பாகாது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. நிலத்தைக் காக்க நினைத்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய தெம்பு.

இந்த முறையைப் பண்ணை நிலத்துக்குப் பெரிய அளவில் கொண்டுபோனது மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுன்டி. வாஷிங்டனை ஒட்டிய பகுதி. நெடுஞ்சாலைகளை ஒட்டிக் குடியிருப்பு, இடையிடையே பசுமை என்று 1964-இலேயே அங்கே திட்டம் வரைந்தாயிற்று. காகிதத்தில் இருந்த பசுமை மண்ணில் கரைந்துகொண்டே வந்தது. 1973-இல் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று விதி போட்டார்கள். அது எதிர்மாறாக வேலை செய்தது: பண்ணைகள் ஐந்தைந்து ஏக்கராகத் துண்டுபட்டு, நகரத்துக்காரர்களின் பெரிய வீடுகளாயின. அப்படிப்பட்ட துண்டில் டிராக்டரைத் திருப்பி என்ன விவசாயம் செய்வது?

ராய்ஸ் ஹேன்சன் தலைமையிலிருந்த திட்டக் குழு 1980-இல் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. கவுன்டியின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுமார் 93,000 ஏக்கர், வேளாண் காப்பு நிலமாயிற்று. அங்கே இனி 25 ஏக்கருக்கு ஒரு வீடு. ஆனால் விற்கத்தக்க உரிமை பழைய கணக்கிலேயே, ஐந்து ஏக்கருக்கு ஒன்று வீதம் கிடைத்தது. நூறு ஏக்கர் பண்ணையை எடுத்துக்கொள்வோம். முன்பு 20 வீடு கட்டலாம், இப்போது நான்குதான். கைக்கு வருவதோ 20 உரிமைகள். பதினாறை விற்றுவிட்டு, நான்கு வீட்டுக்கென நான்கை வைத்துக்கொள்ளலாம். விற்ற மறுகணம், 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்ற கட்டுப்பாடு நிலத்தின் ஆவணத்திலேயே பதிவாகிவிடும். நாளை வேறொரு கவுன்டி சபை வந்து விதியைத் தளர்த்தினாலும் இந்தப் பதிவு அழியாது. திட்டத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன். விதி வாக்குக்கு வளையும், பத்திரம் அவ்வளவு எளிதில் வளையாது.

விற்பவர்கள் கிடைத்தார்கள். தலைவலி வாங்கும் பக்கத்தில். கூடுதல் வீடுகளை ஏற்கும் பகுதியாக முதலில் குறிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஓல்னி. எங்கோ இருக்கும் வயலைக் காக்க எங்கள் தெருவில் ஏன் நெரிசல் என்று ஏற்கும் ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. வழக்குத் தொடுத்தார்கள். கூடுதல் வீடுகளை முழுமைத் திட்டத்தில் குறித்தால் போதாது, முறைப்படி மண்டல விதியாகவே இயற்ற வேண்டும் என்று மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. கவுன்டியும் விதியைத் திருத்திக்கொண்டது. இப்படி உரிமைகள் கைமாறியதால் 50,000 ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. அரசு தன் பணத்தில் வாங்கியதல்ல. வீடு கட்டியவர்கள் கொடுத்த பணம். ஓட்டையும் இருந்தது. விற்காமல் வைத்துக்கொண்ட அந்த 25 ஏக்கருக்கு ஒரு வீடும் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கவே, அந்தக் கடைசி உரிமையையும் வாங்கிக்கொள்ளத் தனித் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று.

நியூ ஜெர்சியின் பைன்லேண்ட்ஸ் காடுகள் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டவை. அவற்றுக்கு 1981-இல் இதே வழி வந்தது. வாங்க ஆளில்லாமல் உரிமைகள் தேங்காதிருக்க, அவற்றை வாங்கி வைக்க ஒரு வங்கியே தொடங்கினார்கள்.

இந்தியாவில் இந்தப் பெயர் வேறு வேலைக்குப் போயிற்று. மும்பையின் 1991-ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள், சாலைக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய இடத்தை இலவசமாகக் கொடுப்பவருக்கு ஈடாகக் கட்டும் உரிமைக்கான சான்று வழங்கின. பின்னர் குடிசைப் பகுதி மறுகுடியேற்றத்துக்கும் அது விரிந்தது. அந்த உரிமைகள் வடக்கே புறநகரில் மாடிகளாக ஏற, சாலையும் வடிகாலும் பின்தங்கின. சென்னையின் 2008-ஆம் ஆண்டு இரண்டாம் முழுமைத் திட்டமும் இந்தச் சான்றுக்கு இடம் தந்தது. இங்கும் அது முதன்மையாகச் சாலைக்கும் பொதுத் தேவைக்கும் விட்டுக்கொடுத்த இடத்துக்கான ஈடுதான். வயலை வயலாகவே விட்டுவைக்கும் உழவருக்குச் சான்று தரும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்படவில்லை.